வார்டு வாசலைத் திறந்துவிடுங்கள்: பெங்களூர் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் மருத்துவமனை நடத்தும் நிர்வாகிகளுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும், நர்சிங் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் அல்சூர்க்காரி. யோகா சிகிச்சையாளராகப் படித்து, இப்போது உள்நோயாளிகளோடு வேலை செய்கிறேன். என்னைப் போலப் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களில் பலர் ஒரு வார்டுக்குள் கால் வைக்காமலேயே சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: பயிற்சியில் இருக்கும் யோகா சிகிச்சையாளர்களை, தகுந்த மேற்பார்வையோடு, உங்கள் வார்டுகளுக்குள் விடுங்கள். நர்சிங் மாணவிகளுக்கும் பிசியோதெரபி மாணவர்களுக்கும் செய்து தருவது போல எங்களுக்கும் முறையான வார்டு பயிற்சி கொடுங்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் யார் எந்தச் சான்றிதழோடு வந்து நின்றாலும் நோயாளி பக்கத்தில் விடாதீர்கள்.

யோகா கூடத்தில் எல்லாமே வசதியாக அமைந்திருக்கும். விரிப்பு, காற்றோட்டம், வெறும் வயிறு, தளர்ந்த உடை, சொன்னதும் கையைத் தூக்கிவிடக்கூடிய ஆள். வார்டில் படுத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஒரு கையில் டிரிப்ஸ் ஏறும். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கட்டிலோரத்தில் யூரின் பை. பக்கத்துக் கட்டில் மானிட்டர் விடிய விடியக் கத்தியதில் தூக்கம் இருந்திருக்காது. வீட்டில் யார் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், இன்று பில் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஆளுக்கு என்ன சொல்லித் தருவது? பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். பைபாஸ் முடிந்து, ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மார்பெலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, கம்பியால் இணைத்திருக்கும் உடம்பு. இருமினால் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் மேல்மூச்சாகவே விட்டுக்கொண்டிருந்தார். அப்படியே போனால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், அதிலிருந்து காய்ச்சல் வரும். பிசியோதெரபிஸ்ட் மூன்று பந்து வைத்த கருவியைக் கொடுத்து உறிஞ்சச் சொல்லியிருந்தார். பெரியவர் அதை ஜன்னலோரமாக நகர்த்தி வைத்துவிட்டார்.

நான் ஆசனம் எதுவும் சொல்லித் தரவில்லை. சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். "ஐயா, உள்ள இழுக்கறதப் பத்தி இப்ப யோசிக்காதீங்க. வெளிய விடறத மட்டும் மெதுவா விடுங்க, சூடான காபிய ஊதற மாதிரி." முதல் நாலைந்து மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் காதை ஒட்டி ஏறியிருந்த தோள்பட்டை இரண்டும் கொஞ்சம் இறங்கின. தலையணையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. வெளிமூச்சு நீண்டால் உள்மூச்சு தானாக ஆழமாகும், அதற்கு யாரும் கட்டளை போட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தப் பந்து டப்பாவக் குடும்மா" என்றார். அன்றைக்கு யோகா என்று நடந்தது இவ்வளவுதான். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை அவர் செய்ய ஆரம்பித்தார்.

இதைச் செய்ய எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றில் பாதியைக் கற்றுக்கொடுத்தது வார்டு சிஸ்டர்கள்தான். மார்பெலும்பு ஒட்டுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆகும். அதுவரை நோயாளியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கக் கூடாது, கைகளை ஊன்றி எழச் சொல்லக் கூடாது. வலி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டு, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் மூச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். ரவுண்ட்ஸ் நேரத்தில் குறுக்கே நிற்கக் கூடாது. இன்ஃப்யூஷன் பம்ப் சத்தம் போட்டால் அதைத் தொடாமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே கை கழுவ வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் யோகத் தத்துவத்தின் எட்டு அங்கங்களும் ஐந்து கோசங்களும் விரிவாக இருக்கின்றன. கை கழுவுவதைப் பற்றி ஒரு பாடமும் எனக்கு நடக்கவில்லை.

தெரியாமல் செய்தால் யோகாவாலும் கெடுதல் வரும். அதை எங்கள் துறையில் இருப்பவர்களே போதுமான அளவு சொல்வதில்லை. கண்ணில் பிரஷர் உள்ளவரைத் தலைகீழாகவோ வெகுநேரம் குனிந்தோ இருக்கச் சொன்னால் கண்ணழுத்தம் கூடும். கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவரை மூச்சை அடக்கி வைக்கச் சொல்லக் கூடாது. வலிப்பு வருகிறவருக்கு கபாலபாதி போன்ற வேக மூச்சு ஆகாது. எலும்பு தேய்ந்த அம்மாவை முன்னால் மடக்கினால் முதுகெலும்பு நொறுங்கலாம். கீமோதெரபியில் இருப்பவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில், சளி பிடித்த சிகிச்சையாளர் பக்கத்தில் போவதே தப்பு. பிளேட்லெட் குறைந்திருந்தால் நிற்கும் ஆசனத்தில் தடுமாறி விழுவது சாதாரண விஷயம் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிகட்டிகளை எடுத்த பெண்ணை அந்தக் கையில் பாரம் தாங்கச் சொல்வதற்கு முன் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். காலை நீவிவிடாமல் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுத்தபடி உடம்பைத் தளர்த்தும் யோக நித்திரையின் நடுவே ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கினால், மனதில் அடைபட்டது வெளியேறுகிறது என்று விளக்கம் சொல்கிற ஆசிரியர்களைக் கேட்டிருக்கிறேன். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. அந்த நிமிடம் தேவைப்படுவது குளுக்கோஸ். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒருவர் வார்டில் இருக்கவே கூடாது. பிரித்துப் பார்க்கிற கண்ணும் வார்டில் நின்று பழகினால்தான் வரும்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றளிப்பு வாரியம் சிகிச்சையாளர்களுக்கென்று தனிப் படிநிலைகள் வைத்திருக்கிறது, நல்லது. ஆனால் இந்திய மருத்துவ முறைகளுக்கென்று 2020-ல் வந்த தேசிய ஆணையச் சட்டம் ஆயுர்வேதம், யுனானி, சித்தா, திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பா ஆகிய நான்கை எடுத்துக்கொண்டது. யோகா அதற்குள் வரவில்லை. ஐந்தரை வருடம் படித்து இயற்கை மருத்துவ, யோகா பட்டம் வாங்கியவரும், ஒரு மாத வகுப்பு முடித்தவரும் பலகையில் போட்டுக்கொள்ளும் பெயர் ஒன்றுதான். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே இன்றைய நிலையில் அவரைக் காக்கும் வாசல்காரர் நீங்கள்தான். வாசலை மூடியே வைத்திருந்தால் பயிற்சி பெற்றவர்கள் உருவாக மாட்டார்கள். கேட்காமல் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள்.

உலக அளவில் யோகா சிகிச்சையாளர்களுக்கான சர்வதேச சங்கம், தான் அங்கீகரிக்கும் பயிற்சிக்குக் குறைந்தது 800 மணி நேரம் வேண்டும் என்கிறது. அதில் ஒரு பகுதி, மேற்பார்வையோடு நேரடியாகச் சிகிச்சை கொடுத்துப் பழகுவதற்கானது. நியூயார்க்கில் உடை வடிவமைப்பாளர் டோனா கரன், நுரையீரல் புற்றுநோயில் கணவரை இழந்த பிறகு தொடங்கிய ஒரு பயிற்சித் திட்டம் இருக்கிறது. அதில் சேருகிறவர்கள் மருத்துவமனைகளில் நோயாளிகளின் கட்டிலருகே வேலை பார்த்துத்தான் படிப்பை முடிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் வாசனை எண்ணெய்களும், கை வைத்துச் செய்யும் ரெய்கியும் உண்டு. அவற்றை நான் இங்கே கேட்க மாட்டேன். கீமோ ஏறிக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்துக் கட்டில் சாம்பார் வாசனையே குமட்டும். அங்கே எண்ணெய் வாசனை எதற்கு? ஆனால் கட்டிலருகே படிப்பு என்ற அந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக அமெரிக்காவைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஜிகணியில் டாக்டர் எச்.ஆர். நாகேந்திராவும் டாக்டர் ஆர். நாகரத்னாவும் வளர்த்தெடுத்த எஸ்-வியாசா பல்கலைக்கழகத்தில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் ஆரோக்யதாமா நம் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. ஓசூர் ரோட்டில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில், மனநல மருத்துவர் பி.என். கங்காதர் போன்றவர்கள் மனச்சோர்வு, மனச்சிதைவு நோயாளிகளிடம் யோகாவைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். இன்று அங்கே ஒருங்கிணைந்த மருத்துவத்துக்குத் தனித் துறையே உண்டு. சென்னையில் 1976-ல் யோகா ஆசிரியர் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம், கூட்டமாக வகுப்பு எடுப்பதைவிட ஆளுக்கு ஏற்ற பயிற்சியை முன்வைத்தது. நான் படித்த முறையும் அதன் வழி வந்ததுதான். இவ்வளவும் பக்கத்தில் இருந்தும் நகரத்தின் மற்ற மருத்துவமனைகள் பலவற்றில் யோகா என்பது யோகா தினமான ஜூன் 21 காலையில் லாபியில் விரிப்பு போட்டுப் படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. நானும் அப்படி ஒரு மேடையில் நின்றிருக்கிறேன். மேலே மூன்று மாடி நிறைய நோயாளிகள். ஒருவரையும் பார்க்க அனுமதி இல்லை.

யோகா நோயைத் தீர்க்கும் என்று சொல்லி உங்களிடம் இடம் கேட்கவில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு யோகா அடிப்படையில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த யோகா-கேர் ஆய்வு, நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளோடு நடந்தது. 2020-ல் முடிவு வெளியானது. மரணமோ, மறுபடியும் மாரடைப்போ, பக்கவாதமோ குறைந்தது என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதிர்பார்த்ததைவிடக் குறைவான நிகழ்வுகளே பதிவானதால், குறைந்திருக்காது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலைக்குத் தாங்களே கொடுத்த மதிப்பெண் சற்று உயர்ந்திருந்தது. நோய்க்கு முன் செய்துவந்த வேலைகளுக்குத் திரும்புவதும் கூடியிருந்தது. கீமோதெரபி எடுத்துக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகள் 62 பேரிடம் பெங்களூரிலேயே நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், யோகா செய்தவர்களுக்குக் கீமோவுக்குப் பிந்தைய குமட்டல் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வாந்தி வருமோ என்ற பயத்திலேயே அடுத்த கீமோவைத் தள்ளிப்போடும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறைவின் மதிப்பு தெரியும்.

என் வேலையின் எல்லையும் அதுதான். வலியோடு, பயத்தோடு, தூக்கமில்லாமல் இருப்பவருக்குச் சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு கொஞ்சம் அதிகமாக வேண்டும். மாத்திரையை நிறுத்து என்றோ, கீமோ வேண்டாம் என்றோ ஒரு யோகா சிகிச்சையாளர் வாய் திறந்தால், அன்றே அவரை வெளியே அனுப்புங்கள். அதை ஒப்பந்தத்தில் எழுத்தாகவே போடுங்கள்.

அதே நேர்மையை உங்களிடமும் எதிர்பார்க்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனை என்னைக் கூப்பிட்டு, டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு யோகா பேக்கேஜ் விற்றுத் தர முடியுமா, எத்தனை பேரைச் சேர்க்கிறேனோ அதற்கேற்பப் பணம் என்றது. நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது தேவைப்படாது என்றார்கள். நான் போகவில்லை. கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் ஒருவருடைய உடம்பில் கை வைப்பது என்ன சிகிச்சை? பயிற்சி நேரத்தில் நடக்கும் எதற்கும் நோயாளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பயிற்சி முடித்து வேலைக்கு வைத்துக்கொண்டால் மாதச் சம்பளம் கொடுங்கள். ஆள் கணக்குக்குக் கமிஷன் வேண்டாம். சம்பளம் இல்லாத சேவையாகவே இதை வைத்திருந்தால், வசதி உள்ளவர்கள் மட்டும் கொஞ்ச நாள் வந்து போவார்கள். மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற உழைக்கும் மக்கள் பகுதிகளிலிருந்து படிக்க வரும் பெண்கள் தங்க மாட்டார்கள். வார்டில் படுத்திருக்கும் மக்களின் பேச்சும் பழக்கமும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பேச்சு என்றதும் சொல்கிறேன். நிம்ஹான்ஸுக்கும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும் ஓசூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூரிலிருந்து வருகிற கூட்டத்தை நீங்களே பார்க்கிறீர்கள். உடம்பைத் தளர்த்தச் சொல்லும் குரல் சொந்தப் பேச்சில் வந்தால்தான் உடம்பு கேட்கும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று இரண்டு மொழியாவது சரளமாகப் பேசுகிறவர்களைப் பயிற்சிக்கு எடுங்கள். சிவாஜி நகரிலும் ஃபிரேசர் டவுனிலும் உள்ள மருத்துவமனைகளில் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. ஓம் சொல்வதையோ மந்திரத்தையோ அவர்கள் மேல் திணிக்கக் கூடாது. பிராமரி என்ற மூச்சுப் பயிற்சிக்குத் தேவை வாயை மூடிக்கொண்டு முனகும் ஒரு ரீங்காரம் மட்டுமே. பர்தா போட்ட ஒரு பாட்டி பேத்தியைத் தூங்க வைக்கும் தாலாட்டின் மெட்டையே முனகியபடி அதைச் செய்தார். எனக்கு அதைவிட நல்ல பிராமரி தெரியாது. கண்ணை மூடுவதும் கட்டாயமில்லை. ஐசியூவில் நாள் கணக்கில் கிடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடினாலே அந்த அறை திரும்ப வந்துவிடும். அவர்கள் திறந்த கண்ணோடு ஃபேனைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடட்டும். வேண்டாம் என்று ஒரு நோயாளி தலையாட்டினால், காரணம் கேட்காமல் அடுத்த கட்டிலுக்குப் போகப் பயிற்சியில் இருப்பவருக்குச் சொல்லித் தர வேண்டும்.

பயிற்சியில் இருப்பவர் யாரிடம் கற்க வேண்டும் என்பதையும் யோசித்திருக்கிறேன். அனுபவமுள்ள யோகா சிகிச்சையாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆனால் அவர் மட்டும் போதாது. பயிற்சியில் இருப்பவர் பிசியோதெரபிஸ்டோடு சில நாள் சுற்றட்டும். நாங்கள் அவர் வேலையில் குறுக்கிடுகிறோம் என்ற சந்தேகம் அவருக்கு நியாயமாகவே இருக்கும், கூட நின்றால்தான் போகும். வலி நிவாரணப் பிரிவில், இனிக் குணமாகாது என்று தெரிந்தவர்களோடு உட்காரட்டும். அங்கே பல நாள் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது, நோயாளியின் மூச்சோடு கூடவே மூச்சு விட்டபடி உட்கார்ந்திருப்பதைத் தவிர. அதற்கும் பயிற்சி வேண்டும். இளம் ஆட்களுக்கு அங்கே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அட்டெண்டரையும் மறக்கக் கூடாது. வாரக் கணக்காக நாற்காலியில் தூங்கி முதுகு பிடித்துப்போன மகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால், அந்த நோயாளியின் இரவும் சேர்ந்து நன்றாகப் போகும்.

பெரிய திட்டம் எதுவும் முதலில் வேண்டாம். ஒரே ஒரு வார்டு கொடுங்கள்; இருதய அறுவை சிகிச்சை வார்டோ கீமோ டே கேரோ எதுவானாலும் சரி. காலை ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, மருத்துவர் குறிப்பு எழுதிய நோயாளிகளை மட்டும் பார்க்கிறோம். இன்ன பயிற்சி, இவ்வளவு நேரம், முன்பும் பின்பும் நாடித்துடிப்பும் வலி மதிப்பெண்ணும் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஏதாவது தப்பாகப் பட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்த நேரத்தில் டியூட்டியில் இருக்கும் சிஸ்டருக்கு இருக்கட்டும். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூன்று மாதம் ஆன பிறகு, தொடரலாமா வேண்டாமா என்று அந்த வார்டு சிஸ்டர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கிளம்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உள்நோயாளிகளோடு வேலை செய்யும் ஒரு யோகா சிகிச்சையாளர்,
அல்சூர், பெங்களூர்